ஒரே கல்லின் தீவில் கனியங்களை இனங்காணல்

புங்குடுதீவில் எங்கே கிணறு வெட்டினாலும் அடியில் வருவது ஒரே கல்தான். மடத்துவெளி, இறுப்பிட்டி, வல்லன், குறிகட்டுவான் என்று இடத்துக்கு இடம் மேல்மண்ணின் தடிப்பு மாறும், கல் மாறாது. யாழ்ப்பாணக் குடாநாடும் அதன் மேற்கிலுள்ள தீவுகளும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தவை. ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த அந்தக் காலத்தில், ஆழமில்லாத வெப்பக் கடலின் அடியில் படிந்த கல் இது. அதன் பெரும்பகுதி கல்சைற் என்ற ஒரே கனியம்.

கனியம் பழக வருபவருக்கு இது குறையாகத் தெரியலாம். இரத்தினபுரியில் ஒரு கூடைச் சரளையை அரித்தாலே பல வகைக் கனியம் கிடைக்கும்போது, ஒன்றே ஒன்று மட்டும் உள்ள தீவில் பழகுவதற்கு என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. கல்சைற்றின் கடினம், உடையும் விதம், அமிலத்தில் அதன் நடத்தை, எடை ஆகியவற்றைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டவர் வேறெந்தக் கல்லையும் அதனோடு ஒப்பிட்டு நிறுத்தலாம். தீவில் இன்னொரு வசதியும் உண்டு. கல்சைற் அல்லாத கல் ஒன்று கையில் அகப்பட்டால் அதை மனிதரோ கடலோ கொண்டுவந்திருக்க வேண்டும். ஆகவே இங்கே முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இது இந்த ஊர்க் கல்லா, வந்த கல்லா?

பாறையும் கனியமும் ஒன்றல்ல. இயற்கையில் உருவாகி, திட்டமான வேதியியல் அமைப்பும் ஒழுங்கான அணு அடுக்கும் கொண்ட திண்மம் கனியம். ஒன்றோ பலவோ கனியங்கள் சேர்ந்து இறுகியது பாறை. அணுக்கள் அடுக்கப்பட்ட முறையே ஒரு கனியம் எவ்வளவு கடினமானது, எந்தத் தளத்தில் பிளக்கும், எவ்வளவு கனக்கும் என்பவற்றைத் தீர்மானிக்கிறது. துண்டின் பருமனும் வெளி உருவமும் இரண்டாம்பட்சம். நிறத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்க வேண்டும். குருந்தம் தூய்மையாக இருந்தால் நிறமற்றது. மிகச் சிறிதளவு குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலக்கல். புங்குடுதீவுச் சுண்ணாம்புக்கல்லும் வெள்ளை, சாம்பல், மஞ்சள், செம்மஞ்சள் என்று பல நிறங்களில் கிடைக்கிறது. கனியம் ஒன்றே, அதில் ஊறிய இரும்பின் அளவுதான் வேறு.

கீறிப் பார்த்தல்

விலை கொடுத்து வாங்கவேண்டிய கருவி அதிகமில்லை. ஒரு செப்புக் கம்பி, இரும்பு ஆணி, பேனாக்கத்தி, யன்னல் கண்ணாடித் துண்டு, உடைந்த தரை ஓடு, காந்தம், 10 மடங்கு பெருப்பிக்கும் வில்லை, கிராம் காட்டும் சமையலறைத் தராசு, கொஞ்சம் வினாகிரி ஆகியவை போதும்.

கடினம் என்பது கீறலைத் தாங்கும் வலிமை. அடித்தால் உடையாத தன்மையோடு அதைக் குழப்பக்கூடாது: வைரத்தைச் சுத்தியலால் உடைக்கலாம், கத்தியால் கீற முடியாது. செருமானியக் கனியவியலாளர் பிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த பத்துப் படிகள் இன்றும் வழக்கில் உள்ளன. தல்க் 1, ஜிப்சம் 2, கல்சைற் 3, புளோரைற் 4, அப்பற்றைற் 5, ஓதோகிளேஸ் பெல்ஸ்பார் 6, குவாட்ஸ் 7, தோப்பாஸ் 8, குருந்தம் 9, வைரம் 10. இவை வரிசை எண்கள் மட்டுமே. குருந்தத்துக்கும் வைரத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் கீழே உள்ள படிகள் எல்லாவற்றையும் விடப் பெரியது.

இந்த ஏணியின் பல படிகளை இலங்கைக்குள்ளேயே காணலாம். போகலையிலும் கஹட்டகஹவிலும் எடுக்கப்படும் பென்சிற்கரி 1க்கும் 2க்கும் இடையில் நிற்கும். தாளில் கோடு விழுவதற்குக் காரணம் அதுதான். ஜிப்சம் உப்பளங்களில் படியும். 1971இல் எப்பாவலையில் கண்டறியப்பட்டு உரமாகப் பயன்படும் பொசுபேற்றுக் கனியம் அப்பற்றைற். வல்லிபுரம், மணற்காடு பக்கத்து வெண்மணல் குவாட்ஸ். குருந்தத்துக்கு இரத்தினபுரி உண்டு.

வீட்டுப் பொருள்களில் விரல்நகம் ஏறத்தாழ 2.5, செப்பு 3, கண்ணாடியும் சாதாரணக் கத்தியும் 5.5 அளவில், நல்ல அரம் 6.5. தீவுக் கல்லை நகத்தால் கீற முடியாது. ஆணி எளிதில் கீறும். ஒரு வெள்ளைக் கல்லில் ஆணி வழுக்கிக்கொண்டு போனால், அதுவே கண்ணாடியைக் கீறினால், அது கல்சைற் அல்ல, பெரும்பாலும் குவாட்ஸ். இந்த ஒரே சோதனை கடற்கரையில் பொறுக்கும் வெள்ளைக் கற்களில் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. மென்மையான ஆணி கடினமான கல்லில் உரசும்போது ஆணியின் உலோகமே கோடாகப் படியும். ஈர விரலால் தேய்த்தால் அழிவது படிந்த கோடு, அழியாதது கீறல். அடுத்தது, வெயிலிலும் உப்புக்காற்றிலும் பல காலம் கிடந்த கல்லின் மேற்பரப்பு உக்கி மென்மையாகியிருக்கும். புதிதாக உடைத்த முகத்திலேயே சோதிக்க வேண்டும்.

தூளின் நிறம் கல்லின் வெளிநிறத்தைவிட நம்பத்தக்கது. தரை ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் கல்லை அழுத்தித் தேய்த்தால் தூள் கோடாக விழும். ஹேமற்றைற் கறுப்பாகவோ சாம்பலாகவோ மினுங்கினாலும் கோடு செங்கபிலம். மக்னற்றைற்றின் கோடு கறுப்பு. பொன்போல் ஏமாற்றும் பைரைற்றின் கோடு பச்சை கலந்த கறுப்பு, உண்மையான பொன்னின் கோடு மஞ்சள். வலிகாமத்துச் செம்மண்ணின் நிறத்துக்கும் சுண்ணாம்புக்கல் கரைந்தபின் எஞ்சிய இரும்பு ஒட்சைட்டுகளே காரணம். குவாட்ஸ் போன்று ஓட்டைவிடக் கடினமான கனியங்கள் தூள் விடாமல் ஓட்டையே கீறும். அதையும் ஒரு விடையாகவே குறித்துக்கொள்ளலாம்.

உடையும் விதம்

கிணறு வெட்டி எறிந்த கற்குவியலில் வெடிப்புகளும் பொந்துகளும் உள்ள துண்டுகளைத் தேடிப் பார்த்தால், சிலவற்றின் உட்சுவரில் கற்கண்டு போல மின்னும் படிகங்கள் இருக்கும். அவை தூய கல்சைற். ஒரு படிகத்தைப் பெயர்த்து மெதுவாகத் தட்டினால் அது கண்டபடி நொறுங்காது. மூன்று திசைகளில் மழமழப்பான தளங்களாகப் பிளந்து, சரிந்த பெட்டி வடிவில் துண்டுகள் தரும். தளங்களுக்கிடையிலான கோணம் ஏறத்தாழ 75 பாகையும் 105 பாகையும். துண்டு எவ்வளவு சிறிதானாலும் இந்தக் கோணம் மாறாது. தெளிந்த துண்டு கிடைத்தால் அதைப் பத்திரிகைத் தாளின் மேல் வைத்துப் பார்க்கலாம்: எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும். ஒளியைக் கல்சைற் அளவுக்கு வலுவாக இரண்டாகப் பிரிக்கும் பொதுக் கனியம் வேறில்லை.

கறியுப்பும் மூன்று திசைகளில்தான் பிளக்கிறது, ஆனால் கோணம் சரியாக 90 பாகை. பெல்ஸ்பார் இரண்டு திசைகளில், ஏறத்தாழச் செங்கோணத்தில் பிளக்கும். காக்காய்ப்பொன் எனப்படும் மைக்கா ஒரே திசையில் ஏடு ஏடாக உரியும். குவாட்ஸுக்குப் பிளவுத்தளமே இல்லை. கண்ணாடி உடைவதைப்போல் வளைந்த அலைகள் தெரிய முறியும். உடைந்த துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு கோணத்தில் முழு முகமும் ஒரேயடியாகப் பளிச்சிட்டால் அது பிளவுத்தளம்.

அமிலச் சோதனை

கல்சைற் கல்சியம் காபனேற்று. அமிலம் பட்டதும் அதிலிருந்து காபனீரொட்சைட்டு குமிழியாக வெளிவரும். பாடசாலை ஆய்வுகூடங்களில் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தின் ஒரு துளி போதும். வீட்டில் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ வேலை செய்யும், ஆனால் அவை மென்மையானவை. கல்லைச் சுரண்டித் தூளாக்கி அதன் மேல் விட்டு, வில்லையால் பார்க்க வேண்டும். தீவில் இந்தச் சோதனைக்குக் கல் தேடிப் போகவும் தேவையில்லை. கிணற்று நீர் கொதிக்கும் கேத்தலின் அடியில் படியும் வெண்படையும் கல்சியம் காபனேற்றுத்தான். அதில் வினாகிரி விட்டால் நுரைப்பதைப் பார்க்கலாம், கேத்தலும் சுத்தமாகும்.

உரக்கடைகளில் டொலமைற் என்று விற்கப்படும் தூளில் கல்சியத்தோடு மக்னீசியமும் உண்டு. மாத்தளை, திகனைப் பகுதிகளின் சலவைக்கல் பல இடங்களில் இந்த வகை. டொலமைற் துண்டு குளிர்ந்த ஐதான அமிலத்தில் அநேகமாகச் சும்மா கிடக்கும்; தூளாக்கினால் மெதுவாக நுரைக்கும். ஜிப்சம், உப்பு, குவாட்ஸ், பெல்ஸ்பார் எதுவும் நுரைக்காது.

வாகன மின்கலத்து அமிலத்தை இதற்கு எடுக்கக்கூடாது. அது சல்பூரிக் அமிலம். கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து என்பது ஒருபுறம், சோதனையும் பிழைக்கும்: கல்சைற்றின் மேல் ஜிப்சப் படலம் உருவாகி நுரைப்பைத் தொடக்கத்திலேயே அடக்கிவிடும். பழைய வீட்டுச் சுவரிலிருந்து எடுத்த கருங்கல் சில்லு நுரைத்தாலும் ஏமாற வேண்டாம். நீற்றிய சுண்ணாம்புச் சாந்து காற்றின் காபனீரொட்சைட்டை உறிஞ்சி மறுபடி கல்சைற்றாக மாறியிருக்கும். நுரைப்பது ஒட்டியிருக்கும் சாந்து.

மணலுக்கும் இதே சோதனை. ஒரு கோப்பையில் ஒரு கரண்டி மணலைப் போட்டு, வினாகிரி ஊற்றி, நுரை அடங்க அடங்கப் புதிதாக மாற்றிக்கொண்டு இரண்டொரு நாள் விட வேண்டும். ஊரி, சிப்பி, முருகைக்கல் ஆகியவற்றின் பொடி கரைந்துபோகும். குவாட்ஸ் மணி கரையாது. வேலணைச் சாட்டிக் கரையிலும் மணற்காட்டு மணற்குன்றிலும் ஒவ்வொரு பிடி எடுத்து இப்படிச் செய்து, மிஞ்சியதை நிறுத்துப் பார்ப்பது மாணவருக்கு நல்ல பயிற்சி.

நீரில் நிறுத்தல்

சாரடர்த்தி என்பது ஒரு பொருள் அதே கனவளவு நீரைவிட எத்தனை மடங்கு கனமானது என்பது. இலத்திரனியல் தராசு வந்தபின் இது மிக எளிது. முதலில் கல்லை நிறுக்க வேண்டும். பிறகு நீருள்ள கோப்பையைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது காட்டும் கிராம் எண் கல்லின் கனவளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் விடை. 54 கிராம் கல் நீருக்குள் 20 காட்டினால் சாரடர்த்தி 2.7; கல்சைற்றின் அளவு 2.71. கிணற்று நீர் சற்று உவராக இருந்தாலும் விடை பெரிதாகப் பிழைக்காது. கடல்நீரில் செய்தால் 2 அல்லது 3 வீதம் விலகும்.

உப்பு 2.16, ஜிப்சம் 2.3, குவாட்ஸ் 2.65, ஸ்பினல் 3.6, குருந்தம் 4.0, இல்மனைற் 4.7, மக்னற்றைற் 5.2. குவாட்ஸும் கல்சைற்றும் நெருக்கமாக இருப்பதால் அந்த இரண்டையும் எடையால் பிரிக்க முயலக்கூடாது. ஆணி அதை ஒரு நொடியில் செய்யும். பொந்துள்ள கல்லில் இந்த முறை பொய் சொல்லும். முருகைக்கல்லின் துளைகளில் காற்று அடைபட்டிருப்பதால் விடை 2க்கும் கீழே வரலாம். ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் ஓரளவு திருந்தும், முழுவதும் திருந்தாது. நல்ல விடைக்குப் பொந்தில்லாத ஒற்றைப் படிகம் தேவை.

கனியம் உருவாகும் வழிகள்

தீவில் கண்முன்னே நடக்கும் கனிய ஆக்கம் இரண்டு: உயிரிகள் கட்டுவது, நீர் வற்றிப் படிவது.

முருகைப் பூச்சிகளும் சங்கும் மட்டியும் கடல்நீரிலிருந்து கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்து ஓடு கட்டுகின்றன. அவற்றில் பல கட்டுவது கல்சைற் அல்ல, அரகனைற். வேதியியல் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே; அணு அடுக்கு மட்டும் வேறு. அதனால் அரகனைற் சற்றுக் கடினம் (3.5 முதல் 4 வரை), சற்றுக் கனம் (2.93), கல்சைற்றின் சரிந்த பெட்டிப் பிளவு அதற்கில்லை. அமிலத்தில் இரண்டும் ஒரேபோல் நுரைக்கும் என்பதால் அமிலம் இங்கே உதவாது. அரகனைற் நிலையற்றது. மழைநீர் ஊறும் கல்லில் அது காலப்போக்கில் கரைந்து கல்சைற்றாக மறுபடி படிகிறது. நெடுந்தீவின் மதில்களில் அடுக்கிய முருகைக்கற்களில் பூச்சியின் நட்சத்திர வடிவக் குழிகள் இன்னும் தெளிவாகத் தெரியும். மயோசீன் சுண்ணாம்புக்கல்லில் அந்த உருவங்கள் பல இடங்களில் வெறும் அச்சாக மட்டும் எஞ்சியிருக்கும். அந்த வேறுபாட்டை வில்லையால் பார்ப்பது கல்லின் வயதைப் பார்ப்பதற்குச் சமம்.

கரைதலும் படிதலும் இன்றும் ஓயவில்லை. மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டு சேர்ந்த மழைநீர் மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து வெடிப்புகளையும் பொந்துகளையும் குகைகளையும் ஆக்குகிறது. புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்தக் கரைதலின் விளைவுகள். கரைந்த நீர் வாயுவை இழக்கும் இடத்தில் கல்சைற் திரும்பப் படியும்: பொந்துக்குள் படிகமாக, கேத்தலுக்குள் வெண்படையாக.

வற்றிப் படிதலுக்குக் கடல்நீர் ஒரு நிலையான ஒழுங்கைப் பின்பற்றுகிறது. ஒரு பங்கு நீர் பாதியளவாக வற்றும்போது சிறிது காபனேற்று படிகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகும்போது ஜிப்சம். பத்தில் ஒன்றாகும்போது உப்பு. மக்னீசிய உப்புகள் கடைசிவரை நீரிலேயே நின்று கசப்பு நீராகும். ஆனையிறவு போன்ற உப்பளங்களில் நீரைப் பாத்தி மாற்றி ஓடவிடுவதும், முடிவில் கசப்பு நீரை வெளியேற்றுவதும் இந்த ஒழுங்கைப் பயன்படுத்தித்தான். கோடையில் தீவுகளின் உவர்த்தரைகளில் தானாகப் பூக்கும் வெள்ளைப் படையைச் சுரண்டிப் பார்த்தால் நீரில் உடனே கரைவது உப்பு, கரையாமல் நிற்கும் நகத்தால் கீறக்கூடிய ஊசிகளோ தகடுகளோ ஜிப்சம், நுரைப்பது காபனேற்று. கடல்நீரை இரண்டு தட்டுகளில் ஊற்றி ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வைத்தால் நிழலில் பெரிய சதுரப் படிகங்கள் வரும். மெதுவாக வளர்வது பெரிதாக வளரும் என்ற இந்த விதி பாறைக் குழம்புக்கும் பொருந்தும்: ஆழத்தில் ஆறிய கருங்கல்லில் மணிகள் கண்ணுக்குத் தெரியும், மேற்பரப்பில் சட்டென ஆறிய எரிமலைக் கல்லில் தெரியாது.

மூன்றாவது வழி வெப்பமும் அழுத்தமும். இலங்கை நிலப்பரப்பின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, நிலத்தின் ஆழத்தில் கடுமையாக வெந்து உருமாறிய மிகப் பழைய பாறை. சுண்ணாம்புக்கல் அப்படி வெந்தால் சலவைக்கல். களிமண் வெந்தால் மைக்காவும் கானெற்றும் சிலிமனைற்றும். இவை எதுவும் புங்குடுதீவின் நிலத்தில் உருவாகவில்லை.

வந்த கற்கள்

ஆனாலும் அவை தீவில் இருக்கின்றன. அம்மி, ஆட்டுக்கல், உரல், கோயில் படிக்கட்டு, வீதிக்குப் போட்ட சல்லி எல்லாம் வெளியிலிருந்து வந்த கருங்கல். ஒரு சல்லித் துண்டு தீவில் கிடைக்கக்கூடிய நல்ல கனியப் பெட்டி. அதைக் கழுவி, புதிதாக உடைத்து வில்லையால் பார்த்தால் சாம்பல் நிறத்தில் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் குவாட்ஸும், இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ தட்டையான முகங்கள் பளிச்சிடும் பெல்ஸ்பாரும், கத்தி நுனியால் ஏடாகப் பெயர்க்கக்கூடிய கறுப்பு மைக்காவும் தெரியும். சிலவற்றில் கருஞ்சிவப்பு உருண்டைகள் இருக்கும். அவற்றில் பிளவுத்தளம் இல்லாமல், கத்தி கீறாமல் இருந்தால் கானெற்.

கரையொதுங்கும் நீலமும் பச்சையுமான உருண்டைத் துண்டுகளைச் சிலர் இரத்தினம் என்று கொண்டு திரிவதுண்டு. அநேகமாக எல்லாமே கடலில் உருண்ட போத்தல் கண்ணாடி. குவாட்ஸ் மணல் அதைக் கீறும், நீலக்கல்லைக் கீறாது. கண்ணாடியின் சாரடர்த்தி 2.5 அளவில், நீலக்கல்லினது 4. உள்ளே வட்டமான காற்றுக்குமிழி தெரிந்தால் வேறு சோதனையே வேண்டாம். துருப்பிடித்த இரும்புத் துண்டை இரும்புக் கனியம் என்று நினைப்பதும் வழக்கம். வடக்கில் போர்க்கால வெடிபொருள் எச்சங்கள் இன்னும் அகப்படுவதால், இன்னதென்று தெரியாத உலோகத்தைத் தட்டியோ சுரண்டியோ பார்ப்பது கூடவே கூடாது. தொடாமல் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.

கறுப்பு மணல் தனிக் கதை. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் இல்மனைற், ரூற்றைல், சேர்கன், மொனசைற் ஆகியவை கரையில் செறிந்திருக்கின்றன. உள்நாட்டுப் பாறைகள் உக்கி ஆறுகளில் வந்த மணலில் இலேசான குவாட்ஸை அலை அள்ளிப்போக, கனமானவை தங்கிவிட்ட இடம் அது. எங்காவது கறுப்பு மணல் கண்டால் காயவைத்துத் தாளில் பரப்பி, பொலித்தீனில் சுற்றிய காந்தத்தை மேலே நகர்த்தலாம். சாதாரணக் காந்தத்தில் பாய்ந்து ஒட்டுவது மக்னற்றைற். வலுவான காந்தத்துக்கு மட்டும் அசைவது இல்மனைற். அசையாமல் கிடக்கும் மணிகளில் ரூற்றைலும் சேர்கனும் இருக்கும். மொனசைற்றில் தோரியம் உள்ளதால் அத்தகைய மணலை வீட்டில் சேர்த்துவைப்பது நல்லதல்ல.

எளிய சோதனைகளுக்கு எல்லை உண்டு. கலை வரலாற்றாளராகவே பலரும் அறிந்த ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவையின் முதல் இயக்குநராக இருந்தவர். சப்பிரகமுவ மாகாணத்துச் சரளையில் 1904இல் கிடைத்த கறுப்பு நிறக் கனமான கனசதுரப் படிகங்களை முதலில் அவரும் யுரேனினைற் என்றே கருதினார். வேதியியல் பகுப்பாய்வுதான் அவை தோரியனைற் என்ற புதிய கனியம் என்று காட்டியது. சிங்களைற் என்ற இரத்தினக்கல் 1952 வரை கபில நிற ஒலிவினாகவே விற்கப்பட்டது. 1945இல் டப்ளினில் ரிச்சர்ட் ராஃப் என்பவர் ஸ்பினல் என்று வாங்கிய பட்டை தீட்டிய கல், ஸ்பினலில் நடக்க முடியாதபடி ஒளியை இரண்டாகப் பிரித்தது. ராஃபைற் என்ற கனியம் அப்படித்தான் வெளிப்பட்டது. மூன்றிலும் கண் ஏமாந்தது. விடை தந்தது அளவீடு.

ஒரு சோதனையை மட்டும் வைத்துப் பெயர் சூட்டாமல், குறைந்தது மூன்று ஒத்துவந்த பிறகே குறிப்பேட்டில் எழுத வேண்டும். எடுத்த இடமும் கல்லோடு சேர்த்துக் குறிக்கப்பட வேண்டும். இடம் தெரியாத கல்லுக்குப் பாதி மதிப்புத்தான். கிணற்றுக் குவியல், உடைந்த சல்லி, கரையொதுங்கிய சிப்பி ஆகியவை படிப்புக்குத் தாராளமாகப் போதும். உயிருள்ள முருகைக்கல்லையும் நெடுந்தீவு மதில்களையும் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையையும் கிள்ளக்கூடாது. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டப்படி குற்றம். விற்பனைக்காகக் கல்லோ மணலோ அகழ்வதற்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.